பண்பொழி வீட்டுப் பின்பக்கக் கக்கூஸ் விஷயமாக

பண்பொழி,
ஆனி மாதம், விடாத சாரல்.

சிரஞ்சீவி தளவாய்க்கு, பெரியப்பா சிவனணைந்தபெருமாள் ஆசி கூறி எழுதிக்கொள்வது. பெங்களூரில் நீயும் மருமகள் உமாராணியும் சுகமாக இருக்கத் திருமலைக் குமரன் துணை நிற்பான். இங்கு நாங்கள் சுகமா என்று கேட்காதே. இந்தக் கடிதத்தைக் கக்கூஸுக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். வெளியே கொத்தனார் மாடக்கண்ணு சம்மட்டியோடு நிற்கிறான். நான் வெளியே வந்தால் இதை இடித்துவிடுவான். போனில் சொல்லலாம் என்றால், அது கூரையில்லாத வீட்டில் நனைந்து செத்துப்போயிற்று.

நாங்கள் குடியிருக்கும் நம் வயல்வீட்டை ஆதி வடிவத்துக்குக் கொண்டுபோய், குற்றாலத்துக்குச் சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று நீ சொன்னபோது நானும் தலையாட்டினேன். இருநூறு வருஷத்து வீடாயிற்றே என்ற பெருமைதான். நீ அனுப்பிய ஆர்க்கிடெக்ட் பிள்ளை வேல்விழி வந்து, வைத்தியர் வயிற்றைத் தட்டுவதுபோலச் சுவரையெல்லாம் தட்டிப் பார்த்தாள். உன் அப்பா மிலிட்டரியிலிருந்து வந்த கையோடு கட்டிய போர்ட்டிகோவைப் பார்த்து, "இது பின்னாடி சேர்த்தது" என்றாள், போயிற்று. அதன்மேல் உட்கார்ந்திருந்த இரண்டு சிங்கமும் போயின. அதுவரை எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். அடுத்து எங்க அப்பா போட்ட சிவப்புச் சிமெண்டுத் தரை. அதுக்கடுத்து எங்க தாத்தா, செங்கோட்டைச் சம்பந்தி வீட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டு, அங்கிருந்தே ஆசாரியைக் கூட்டிவந்து போட்ட பலகை மச்சும் ஓட்டுக் கூரையும். "அங்கிள், இதுவும் ஒரிஜினல் இல்லை"ன்னா. பிரிச்சாச்சு. அன்னைக்குத்தான் சாரலும் சரியாப் பிடிச்சுது. உன் பெரியம்மா கோமதியம்மாள் ஒரு கையில குடையோட சாம்பார் தாளிக்கா. கட்டிலை நனையாத மூலைக்கு இழுத்து இழுத்து, இப்போ அது மாட்டுத் தொழுவத்தில நிக்குது.

சரிம்மா, ஆதி வீடு எதுன்னு கேட்டேன். அந்தத் தொழுவத்தைக் காட்டுதா. நம்ம பூட்டன் முதல்ல மாட்டுக்குத்தான் கல்லுச்சுவர் வச்சாராம், அதோரத்தில தனக்கு ஒரு ஓலைச் சாய்ப்பு இறக்கிக்கிட்டாராம். உன் கல்யாணப் பத்திரிகையில உன் அப்பா ‘ஜமீன் வாரிசு’ன்னு போட்டதை இனி என்ன செய்ய. அதுகூடப் போகட்டும். தொழுவத்தை ஒட்டி, என் மூட்டு தேய்ஞ்ச பிறகு நான் கட்டின இந்த வெஸ்டர்ன் கக்கூஸ் மேலயும் சாக்பீஸால பெருக்கல் குறி போட்டுட்டா. "ஏம்மா, இந்த வீட்டில நானே பின்னாடி சேர்த்ததுதான், எனக்கும் ஒரு குறி போட்டுரு"ன்னேன். சிரிக்கல. நோட்டுல எழுதிக்கிட்டா.

தளவாய், எனக்குக் குத்தவைத்து உட்கார முடியாது. உட்கார்ந்தால் தூக்கிவிட இரண்டு ஆள் வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் அதிகாரமாக நின்றவன், அறுபத்தொன்பது வயதில் அதுக்கு ஆள் கூப்பிடுவது மானக்கேடு. அதான் விடிஞ்சதும் உள்ள வந்து தாழ்ப்பாளைப் போட்டுட்டேன். "அண்ணாச்சி, நீங்க வெளிய வந்தியன்னா அரை மணி நேர வேலை"ங்கான் மாடக்கண்ணு. உன் பெரியம்மா ஜன்னல் வழியா இட்லியை நீட்டிக்கிட்டே, "போலீஸ்ல முப்பது வருசம் இருந்து ஒரு களவாணியப் பிடிச்சு உள்ள போடல, இப்ப உங்களையே போட்டுக்கிட்டியளாக்கும்"ங்கா.

ஆகவே நீ உடனே அந்தப் பிள்ளையிடம் பேசி, வேறு எதை வேண்டுமானாலும் இடித்துக்கொள், கக்கூஸை மட்டும் எக்காரணம் கொண்டும் இடிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லவும். நீயும் உன் சந்ததியும் ஒழுகாத கூரைக்கடியில் நூறாண்டு வாழ்க.

இப்படிக்கு,
உன் பெரியப்பா,
சிவனணைந்தபெருமாள்,
தலைமைக் காவலர் (ஓய்வு).

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஒரு சேதி. வெளிப்பக்கப் பூச்சைச் சுரண்டிப் பார்த்த வேல்விழி, கக்கூஸின் பின்சுவர்தான் பூட்டன் வைத்த முதல் சுவர், வீட்டிலேயே பழசு இதுதான், ஒரு கல்லைத் தொடக் கூடாது என்று மாடக்கண்ணுவைத் திருப்பி அனுப்பிவிட்டாள். ஜெயித்துவிட்டேன் என்று தாழ்ப்பாளைத் திறந்து வெளியே வந்தேன். வந்த மறுநிமிஷம் கதவுக்குக் குறுக்கே கயிறு கட்டி, ‘பாரம்பரியப் பகுதி, உள்ளே செல்லக் கூடாது’ என்று அட்டையைத் தொங்கவிட்டாள். எனவே மேலே ‘இடிக்கக் கூடாது’ என்று நான் எழுதியிருக்கும் இடத்தில் ‘முதலில் இதை இடிக்கவும்’ என்று திருத்தி வாசிக்கவும்.