குருநகர்க் கோதுமைப் போர்

வாழ்க ஜெரிசன்! பாரிஸ் மாநகரில் பிறந்து, பாண் என்னும் ரொட்டிக்குப் பேர்போன அந்நகரிலேயே பாணைத் தீண்டாது விரதங்காத்த வீரன். கோதுமைக்குள் குடியிருக்கும் குளூட்டன் என்னும் கொடும்பகைவனை உணவுப் பொதியின் பொடியெழுத்திலேயே கண்டுபிடிக்கும் கழுகுக்கண்ணன். லவீனாவின் கரம்பற்றிய காளை! மனைவிக்கு லீவு கிடைக்க இன்னும் ஒரு கிழமை இருக்க, முன்பின் கண்டிராத யாழ்ப்பாணப் பட்டினத்தில், குருநகர் மாமியார் வீட்டில், அவன் தன்னந்தனியனாய் வலக்கால் எடுத்து வைத்தான். கடலே, சற்று அலையை அடக்கு. நண்டுகளே, வளைக்குள் போங்கள். பெரிய சண்டை வருகிறது.

எமனுக்கும் அஞ்சாத அம்மறவன் அஞ்சியது தன் குடலுக்கு மட்டுமே. ஒரு துணிக்கை கோதுமை உட்புகுந்தாலும் அது கொந்தளித்துக் கொடியேற்றிவிடும். பிறகு மலசலகூடமே அவனுக்குச் சிங்காசனம். இதையெல்லாம் லவீனா தாய்க்குத் தொலைபேசியில் சொல்லித்தான் இருந்தாள். விருந்தோம்பலில் வேந்தர்களை நாணவைக்கும் மாமி றஜிதாவும் விளங்கியதென்றுதான் சொன்னாள்.

முதல்நாட் காலை, வெண்பனி மலையெனப் புட்டு எழுந்தது. பசியால் மதியிழந்த வீரன் நாலு கவளம் விழுங்கிய பிறகே வினவினான்.

"இதுக்குள்ளை கோதுமை மா இருக்கோ மாமி?"

"பாதிக்குப் பாதி தம்பி. பயப்பிடாதேங்கோ, அவிச்ச மா! அவிச்சா கோதுமையின்ரை கெட்ட குணமெல்லாம் ஆவியோடை போயிடும்."

போகவில்லை. அந்தக் குணம் முழுவதும் ஜெரிசனின் வயிற்றுக்குள் பாசறை அமைத்து, முரசறைந்து, யானை குதிரைகளை ஓட்டியது. சிங்காசனத்தில் அமர்ந்தவன் எழ வழியற்றுத் தவிக்க, கதவுக்கு வெளியே றஜிதா மாமி அழுதாள். பெற்ற மகள் நம்பி அனுப்பிய பிள்ளையைத் தன் கையாலேயே வீழ்த்திவிட்டோமே என்று அவளுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசற்படலையில் நின்று பிரகடனம் செய்தாள்.

"இண்டையிலயிருந்து இந்த வளவுக்குள்ளை கோதுமை மா வரப்பிடாது! பாண்காரன்ரை ஓட்டோவும் ஒழுங்கைக்குள்ளை திரும்பப்பிடாது!"

ஆணை கடல்வரை கேட்டது. மருமகனைப் பார்க்க உறவினர் ஏந்திவந்த றோல்ஸ் படையும் கட்லட் படையும் படலையிலேயே புறமுதுகிட்டன. உள்ளே சிவப்பரிசி இடியப்பமும், பனங்கிழங்கு மாவில் காய்ச்சி, நண்டும் இறாலும் நீந்தும் ஒடியல் கூழும் வெற்றிமுரசு கொட்டின. வெளிறிக் கிடந்த வீரன் தேறினான். மாமியாரும் மருமகனும் எதிரியை ஒழித்துவிட்டதாகவே நினைத்தார்கள்.

ஞாயிறு வந்தது. பாரிஸ் மருமகனை ஊருக்குக் காட்டும் பெருமிதத்தோடு, மாமி பட்டுச்சேலை சரசரக்கக் தேவாலயத்தின் நடுவாங்குப் பலகையில் அவனை இருத்தினாள். நற்கருணை அப்பம் வாங்கச் சனம் வரிசையாக எழுந்தது. அவன் எழவில்லை.

"எழும்புங்கோ தம்பி."

"மாமி, அந்த அப்பமும் கோதுமை."

"அது ஆண்டவர், தம்பி!"

"ஆண்டவர்தான் மாமி. ஆனா மா கோதுமை மா."

செபமாலை உருட்டிய விரல்கள் நின்றன. நற்கருணைக்கு எழும்பாதவன் சாவான பாவத்தில் இருக்கிறான் என்பது அந்தப் பங்கில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அதுவும் பெண்சாதி இல்லாமல் தனியே வந்த புதுமாப்பிள்ளை! முன்வாங்கு வசந்தினி, ஊர்ச்செய்தியை உலகெங்கும் ஒலிக்கும் எக்காளம், ஏற்கெனவே கழுத்தைத் திருப்பியிருந்தாள். பூசை முடியுமுன் கதை மீன்சந்தைக்குப் போய்விடும்.

மாமி எழுந்தாள். சிறுமியாய் முதல் அப்பம் வாங்கிப் புதுநன்மை எடுத்த நாள்முதல் ஒரு ஞாயிறும் தவறவிடாத அந்த நாக்கு, பீடத்தை நோக்கி ஏங்கியது. ஒரு காலை வரிசைக்குள் வைத்தாள், வசந்தினியைப் பார்த்தாள், தலைகுனிந்து தனியே இருந்த பிள்ளையைப் பார்த்தாள். வானவர் வாளுருவி நிற்க, புனிதர்கள் பீடங்களில் மூச்சடக்க, குருநகர் முழுதும் பார்த்திருக்க, வைத்த காலை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்திலேயே தொப்பென்று இருந்தாள்.

"மாமி, நீங்கள் போங்கோ."

"நான் போகேல்லை. கதைக்கிறவை எங்கள் ரெண்டு பேரையும் சேர்த்துக் கதைக்கட்டும்."

வசந்தினியின் கழுத்து அதற்குமேல் திரும்ப இடமின்றி நின்றது. வெறுமையான நெடுவாங்கில் இரு பெரும்பாவிகளும் தோளோடு தோள் சேர்ந்து, நிமிர்ந்து அமர்ந்திருந்தார்கள்.

பூசை முடிந்ததும் இருவரும் வீட்டுக்குப் போய்ப் பழஞ்சோறு சாப்பிட்டார்கள்.