மணி அடித்தும் எழாத புரோகிராம்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீங்களும் அக்காவும் நலமா என்று நேரில் வந்து கேட்க, நேற்றைக்குப் பிறகு எனக்கு முகமில்லை.

உங்கள் சிபாரிசில்தானே நீங்கள் வேலை பார்க்கும் பார்சல் கிடங்குத் தராசுக்கு நான் சி மொழியில் புரோகிராம் எழுதினேன்? தராசு எடையை அனுப்பும்வரை அது காத்திருக்கும். ஐந்து நொடியில் பதில் வராவிட்டால் உள்ளே ஒரு அலாரம் அடிக்கும். உடனே காத்திருப்பதை விட்டுவிட்டு, "எடையைக் கையால் தட்டவும்" என்று திரையில் காட்டும். முதலாளியிடம் இப்படித்தான் அளந்துவிட்டேன். அந்த மனுஷன் தராசை அணைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். ஐந்தாம் நொடியில் திரையில் "மணி அடித்தது" என்று வந்தது. அதோடு சரி. அவருடைய டீ ஆறி ஆடை கட்டியதுதான் மிச்சம்.

"சார், மணி அடிச்சிடுச்சு பாருங்க," என்றேன்.

"அடிச்சது தெரியுது தம்பி. எழுந்திரிக்கலையே?"

பார்சலோடு நின்ற கிடங்கு ஆட்கள் பதினோரு பேரும் சிரித்தார்கள். அப்போதுதான் அந்தப் பாவத்தைச் செய்தேன். "தராசு வயரை அத்தான்தான் மாட்டினாரு, மாத்தி மாட்டிட்டாரு போல," என்று வாய் கூசாமல் சொன்னேன். நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆமாங்க, என் தப்புதான்," என்றீர்கள். பதினெட்டு வருஷத்தில் அங்கே ஒரு பேச்சு வாங்காதவர், "இனிமே நீங்க எதையும் தொடாதீங்க," என்று முதலாளி சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றீர்கள். வெட்கமாக இருக்கிறது அத்தான்.

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. நான் அலாரத்தைப் பதிவு செய்த முறையில், அது அடித்து ஓய்ந்ததும் கணினியே புரோகிராமைப் பழையபடி காத்திருக்க உட்கார வைத்துவிடுமாம். காலையில் என் மகள் "ஏந்துட்டேம்பா" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்வாளே, அதே கதை. இப்போது 'சிக்ஆக்‌ஷன்' என்ற வேறு முறையில், திரும்ப உட்கார வைக்காதே என்று கண்டித்துப் பதிவு செய்துவிட்டேன். வயர் மேல் குற்றமில்லை, உங்கள் மேலும் இல்லை. நாளை காலை பத்து மணிக்கு, அதே பதினோரு பேர் முன்னால், தப்பு என்னுடையது என்று முதலாளியிடம் நானே சொல்வேன். அப்புறம்தான் தராசைத் தொடுவேன். இது சத்தியம்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நடந்ததை மட்டும் சொல்லாதீர்கள்.

தலைகுனிவுடன்,
உங்கள் மைத்துனன்

பி.கு.: கையெழுத்துப் போட்டபின் ஓட்டிப் பார்த்தேன். ஐந்தே நொடி, டாண் என்று எழுந்தது. ஆனால் "தடங்கல் வந்தால் மறுபடி காத்திரு" என்று போன மாதம் நானே எழுதிவைத்த வரி ஒன்று அடியில் இருந்திருக்கிறது. அலாரத்தையும் ஒரு தடங்கலாக எடுத்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்துவிட்டது. அந்த வரியை எடுத்தால் வேறு ஏழு இடம் உடைகிறது. அத்தான், நாளை ஒரு நாள் மட்டும் அந்த வயரை நீங்களே மாற்றி மாட்டியதாக இருக்கட்டுமா?