பைய அண்ணாச்சியின் சறுக்கல்

தாமிரபரணியின் இரு கரையிலும் சலித்தெடுத்தாலும் பைய அண்ணாச்சியைவிட நிதானமாக வண்டி ஓட்டுகிற மனிதர் அகப்பட மாட்டார். பத்தமடையிலிருந்து சேரன்மகாதேவி போகும் மினி பஸ்ஸின் டிரைவர். யார் அவசரப்பட்டாலும், "பைய போவோம்வே" என்பார். பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ரோட்டில் ஆடு படுத்திருந்தால் அதுவாக எழுந்திருக்கும்வரை நிற்பார். ஆரன் அடித்தால் அதற்கு மனசு கஷ்டமாம்! தினமும் அந்தப் பஸ்ஸில் ஆபீசுக்குப் பிந்திப்போய் வசவு வாங்குகிறவன் நான். எனக்கு எரியாதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ கேம் கடைக்குள் எட்டிப் பார்த்தால், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி! திரையில் மலைப்பாதை. சிவப்புக் கார் ஒன்று டயர் புகைய, குறுக்கே திரும்பியபடியே வளைவைக் கடந்தது.

"அண்ணாச்சி, நீங்களா?"

"இதுக்குப் பேரு டிரிஃப்டுவே. நேரா யாரு வேணாலும் ஓட்டலாம். வளைவுல பின்பக்கத்தச் சறுக்கவிட்டு, ஸ்டியரிங்க எதிர்ப்பக்கம் ஒடிக்கணும். கார் கெடந்து துள்ளும். நாம பதறப்பிடாது. படித்துறைப் பாசியில வழுக்குத மாதிரி இருக்கும், ஆனா விழமாட்டோம். அதுல ஒரு சொகம்!"

அத்தோடு விட்டாரா? மறுநாள் டீக்கடையில் நின்று போனில் யாரிடமோ பெருமையடித்தார்: "நேத்து மலை வளைவுல வண்டியச் சறுக்கவிட்டேன் பாரு, பொகைன்னா பொக!"

பக்கத்தில் நின்ற பாய் விற்கிற அம்மா காதில் இது விழுந்தது. "ஏ ஆத்தி, நம்ம பஸ்ஸயா!" சாயங்காலத்துக்குள் சேதி பஸ் முதலாளிவரை போய்விட்டது. பத்தமடைக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவே மலைப்பாதை ஏது என்று ஒருத்தரும் கேட்கவில்லை! முதலாளி சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

"மொதலாளி, அது வெளையாட்டு. இந்த வண்டிய விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?" அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாளைக்கு நானே கூட வாரேன். ஒரு எடத்துல சறுக்குனாலும் நீரு வீட்டுக்குப் போயிரணும்."

மறுநாள் காலை முதலாளி முன் சீட்டில் கம்பியை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது. ஓர் எருமைக்கு நின்றது. வைக்கோல் வண்டிக்கு நின்றது. எங்கோ வயலுக்குள் கையசைத்த பெண் வரப்பேறி வந்து சேரும்வரை நின்றது. முதலாளி கம்பியை விட்டார். கொட்டாவி விட்டார். ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போனதும் எழுந்தே விட்டார்.

"ஏவே, சறுக்க வேண்டாம், கொஞ்சம் நகரவாவது செய்யும்!"

பஸ்ஸே சிரித்தது. சேரன்மகாதேவியில் முதலாளி சாவியைக் கேட்காமலேயே இறங்கிப் போனார். எல்லாரும் இறங்கிய பிறகும் அண்ணாச்சி ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆபீசுக்கு நேரமாகியும் நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ராத்திரி பூரா கண்ணே அடைக்கலவே" என்றார்.

"எனக்கும்தான் அண்ணாச்சி" என்றேன்.