நாலு காலுக்கு நாலு எலுமிச்சம்பழம்

படித்தவர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. கண்ணெதிரே என்ன நடந்தாலும் உடனே அதற்கொரு காரணம் சொல்லியாக வேண்டும். எனக்கு அது எவ்வளவு முற்றியிருந்தது என்பது, எலும்பு மருத்துவ மேற்படிப்பின் கடைசி வருடத்தில், துறைத்தலைவர் முன்னிலையில் தெரிந்தது.

என் ஆய்வு இடுப்பெலும்பு முறிவைப் பற்றியது. வயதானவர்கள் வழுக்கி விழுந்தால் தொடை எலும்பு இடுப்போடு சேருமிடத்தில் முறியும். அதைச் சேர்த்து நிறுத்த வெறும் திருகாணிகள் போடலாம், பக்கவாட்டில் தகடு வைத்துத் திருகலாம், எலும்புக்குள்ளேயே கம்பி செலுத்தி அதன் வழியாகவும் திருகலாம். எது அதிக எடை தாங்கும்? மூன்றையும் பிளாஸ்டிக் எலும்புகளில் பொருத்தி, பொறியியல் கல்லூரியில் கான்கிரீட் நசுக்கும் இயந்திரத்தில் வைத்து அழுத்திப் பார்ப்பது என் வேலை. உள்கம்பிதான் ஜெயிக்கும் என்று எல்லோரிடமும் சவால் விட்டிருந்தேன். (கேன்டீன்காரர் உட்பட. பாவம், அவர் டீதான் ஆற்றிக்கொண்டிருந்தார்.)

திருகாணியும் தகடும் முடிந்துவிட்டன. பாக்கி, உள்கம்பி பொருத்திய ஒரே ஒரு எலும்பு. அது வீணானால் இன்னொன்று வரவழைப்பதற்குள் பரீட்சையே போய்விடும்.

எலும்பை நிறுத்த நாலு கால் இரும்பு ஸ்டாண்டு செய்து தந்தவர் அப்பா. சங்ககிரியில் லாரிப் பட்டறை வைத்திருக்கிறார். தன் ஸ்டாண்டு வேலை செய்வதைப் பார்க்க அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் துறைத்தலைவரை அழைத்து வர வாசலுக்குப் போய்த் திரும்பினால், ஸ்டாண்டின் கால்களைச் சுற்றி மஞ்சள் துணி, எலும்பின் உச்சியில் குங்குமம். துறைத்தலைவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். நானும் பெரிய மனசு பண்ணி விட்டுவிட்டேன்.

இயந்திரம் அழுத்தத் தொடங்கியது. திரையில் கோடு கொஞ்சம் ஏறி, தடாலென்று சரிந்தது.

“என்னம்மா ஆச்சு?” என்றார் துறைத்தலைவர்.

தெரியவில்லை சார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னேனா?

“திருகு எலும்போட தலைக்குள்ள இறங்குது சார். ஆனா கம்பி அப்படியே நிக்குது” என்றேன். கரும்பலகையில் படமும் வரைந்தேன், அம்புக்குறியோடு.

“சரி. கீழே சாறு வடியுதே, அது?”

மஞ்சள் துணி நனைந்திருந்தது. அறை முழுக்க எலுமிச்சை வாசனை. அப்போதும் என் வாய் அடங்கவில்லை. “பிளாஸ்டிக் சூடாகறப்ப, சார்...”

அம்மாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. “ஏனுங்க சார், அது நாந்தானுங்க. வண்டி மொத ஓட்டம் போறப்ப சக்கரத்துக்கு அடியில பழம் வெக்காம எடுப்பமுங்களா? இவங்கப்பா ஸ்டாண்டத் தூக்கிப் புடிச்சாரு, நா நாலு காலுக்கும் நாலு வெச்சனுங்க.”

அப்பா சன்னலுக்கு வெளியே எதையோ உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை, நசுங்கியதெல்லாம் பழம்தான். “துடைச்சிட்டு மறுபடி ஓட்டும்மா. விளக்கம் கடைசியில போதும்” என்றார்.

இந்த முறை கோடு ஏறியது. தகடு கைவிட்ட இடத்தையும் தாண்டி ஏறியது. அப்பா பட்டறையில் அடிப்பதுபோல விசிலடித்தார். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தக்காளி நசுங்கினாலும், இட்லி அமுங்கினாலும், “திருகு எறங்குது, ஆனா கம்பி நிக்குது”தான். என் கல்யாணப் பந்தியில்கூட அப்பா இதைச் சொல்லி அப்பளத்தை நொறுக்கினார்.

போன வருடம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். அதே இடத்தில் முறிவு. வேறு டாக்டரைக் கூப்பிடப் போனை எடுத்தேன். அம்மாவோ, “நீயே போடு கண்ணு. நாம பழம் வெச்சுப் பாத்த கம்பிதான?” என்றாள். நானே போட்டேன்.

மறுநாள் வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தபோது கீழே பார்த்தேன். வாக்கரின் நாலு காலுக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம்.

“அப்பா! வழுக்கும்!” என்று வார்டே அதிரக் கத்தினேன்.

“மொத ஓட்டமில்லையா சாமி” என்று முனகிக்கொண்டே பொறுக்கியெடுத்தார்.

அம்மா ஓரடி வைத்தாள். பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு அவ்வளவு கர்வம் வந்ததில்லை. அவள் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“திருகு எறங்குதா சாமி?”

“இல்லைம்மா.”

“கம்பி?”

“அப்படியே நிக்குது.”

அம்மா அடுத்த அடியை எடுத்து வைத்தாள்.