அப்பாவுக்கு மஞ்சள் எழுத்துதான்

தோ பாயோ, சிங்கப்பூர்
14.3.1986, வெள்ளி இரவு

என் அன்புக்கும் பயத்துக்கும் உரிய ரோசம்மா அத்தைக்கு, பிரிஜட் வணக்கத்துடன் எழுதுவது.

முதலில் ஒரு கெஞ்சல். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். ஈப்போவில் உங்கள் வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் உரக்கப் படிப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். இதை மட்டும் குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு படியுங்கள். ஆண்டவர் அருளால் இங்கே அம்மா நலம், அப்பா நலம், இஞ்ஞாசி மாமா மிக மிக நலம். நான் மட்டும் நலமில்லை. ஐந்து நாளாக வீட்டில் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் இஞ்ஞாசி மாமா முன்னால் முழங்காலிட்டு நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். கேட்க மாட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கேட்க மாட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். சாங்கி விமான நிலையத்தில் அப்பா வேலை பார்க்கும் சரக்குப் பிரிவில் இனி எல்லாக் கணக்கர்களுக்கும் கம்ப்யூட்டர். ஆளுக்கொரு மானிட்டர் வரப்போகிறது. மானிட்டர் என்றால் டிவி போன்ற பெட்டிதான், ஆனால் நாடகம் வராது, எழுத்து மட்டும் வரும். பச்சை எழுத்து வேண்டுமா, மஞ்சள் எழுத்து வேண்டுமா என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் குறித்துக் கொடுக்க வேண்டும். பிறகு மாற்ற முடியாது. அதன்பின் ஒரு தேர்வு. தேறாதவர்கள் கிடங்கில் பெட்டி தூக்கப் போக வேண்டும். அப்பாவுக்குப் போன வருடம்தான் குடலிறக்க அறுவைச் சிகிச்சை நடந்தது, உங்களுக்கே தெரியும்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. அலுவலகத்தில் இப்போது பழக வைத்திருக்கும் பொதுக் கம்ப்யூட்டரில் வரும் பச்சை எழுத்து அப்பாவுக்குத் தெரியவில்லை. இதை எனக்குச் சொன்னவள் என் வகுப்புத் தோழி பரீதா. அவளுடைய அத்தா காதர் மைதீன் அப்பாவுக்கு அடுத்த மேசை. "உங்க அப்பா ஸ்கிரீனைப் பாக்கிறதே இல்ல லா. எங்க அத்தாதான் மெதுவா படிச்சுச் சொல்றாங்க. ஜூன்ல அத்தா ரிட்டையர் ஆயிட்டா உங்க அப்பா என்ன செய்வாரு?" என்றாள். அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டில் பழகிக்கொள்ள அப்பாவுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றதும் இஞ்ஞாசி மாமா யாரிடமிருந்தோ ஒரு பழைய பெட்டியும் தட்டச்சுப் பலகையும் கொண்டுவந்து இறக்கினார். மானிட்டர்தான் இல்லை. போன ஞாயிறு அதை வாங்க ராச்சோர் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். அப்பாவுக்கு மானிட்டர் வாங்க யார் யார் போனோம் தெரியுமா? டிவி பழுது பார்ப்பதால் இஞ்ஞாசி மாமா. அலமாரியில் நுழையுமா என்று பார்க்கத் தையல் நாடாவோடு அம்மா. மேலே போர்த்த உறையை அம்மா முதல் நாளே பின்னி முடித்துவிட்டார், அதற்குப் பொருந்துகிற மானிட்டர்தான் தேவை. கடைசியில் அப்பா, சுமந்து வர.

கடை முதலாளி சீனத் தவுக்கே பச்சை ஒன்றும் மஞ்சள் ஒன்றும் ஓடவிட்டார். ஒரே அளவு, ஒரே விலை. மாமா மஞ்சளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பச்சைதான் கண்ணுக்குக் குளிர்ச்சி மச்சான். மரம் மட்டை எல்லாத்தையும் ஆண்டவர் சும்மாவா பச்சையா படைச்சாரு?" என்றார். அப்பா தலையாட்டினார். மாமா சொல்லி அப்பா தலையாட்டாத நாளை நான் பார்த்ததில்லை. மனைவியின் அண்ணன் முன்னால் எனக்குக் கண் தெரியவில்லை என்று எந்த ஆண்பிள்ளைதான் சொல்வார்?

தவுக்கே நல்லவர். "டிரை ஃபர்ஸ்ட் லா, அங்கிள்" என்றார். அம்மா உடனே, "அண்ணே, புதுச் சாமான், முதல்ல மாதா பேரைப் போடுங்க" என்றார். மாமா ஒற்றை விரலால் 'ஹெய்ல் மேரி ஃபுல் ஆஃப் கிரேஸ்' என்று பச்சைத் திரையில் தட்டினார். அதற்குள் விரல் வலித்து நிறுத்திவிட்டார். "படிங்க மச்சான்!" என்றார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஜெபம் முழுவதையும் தங்குதடையில்லாமல் படித்தார். மரண நேரம் வரைக்கும் போய் ஆமென் சொல்லித்தான் நிறுத்தினார். அத்தை, திரையில் இருந்தது ஒரே ஒரு வரி! மீதியை எங்கிருந்து படித்தார் என்று யாராவது கேட்டார்களா? அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். தவுக்கே மரியாதைக்காக ஒலிபெருக்கிப் பாட்டை நிறுத்திவிட்டு நின்றார். மாமா, "பாத்தியா, மச்சானுக்குக் கழுகுப் பார்வை" என்றார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. நான் தட்டச்சுப் பலகைக்கு முன்னால் போய் 'மாமா இஸ் ராங்' என்று ஆங்கிலத்தில் தட்டினேன். "அப்பா, இதையும் படிங்க" என்றேன். அப்பா திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நானும் ஜெபம்தான் போட்டிருப்பேன் என்று நம்பி, "அவர் ஃபாதர், ஹூ ஆர்ட் இன் ஹெவன்" என்று பரலோக மந்திரத்தைக் கணீரென்று ஆரம்பித்தார்.

அந்த இடத்திலாவது எல்லோருக்கும் விஷயம் புரிந்திருக்க வேண்டாமா? புரியவில்லை. அம்மா திரையைப் பார்த்தார், "அடிப்பாவி" என்று வாயைப் பொத்திக்கொண்டார். மாமா திரையைப் பார்த்தார், முகம் சிவந்துவிட்டது. "பதினாலு வயசுப் பொண்ணு கடைக்காரன் முன்னாடி என்னை ராங்ன்னு எழுதுது. இதான் நீ வளத்த லட்சணமா, பிலோமினா?" என்று கத்தினார். நான், "அப்பாவுக்குக் கண்ணு தெரியல, மாமா!" என்று அவரைவிடச் சத்தமாகக் கத்தினேன். அப்பாவோ பச்சை மானிட்டரைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். வழி முழுக்கப் பேசப்பட்டது என் திமிர். அப்பாவின் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னை உங்களிடம் ஈப்போவுக்கு அனுப்பிவிடுவேன் என்று அம்மா மிரட்டுகிறார். அது தண்டனை என்று நினைக்கிறார், நீங்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் பெரிய குற்றம். இன்று மாலை அம்மா சிலுவைப்பாதைக்குக் கோயிலுக்குப் போனதும், நானும் பரீதாவும் பச்சை மானிட்டரைப் போர்வையில் சுற்றிப் பேருந்தில் ஏற்றினோம். மடியில் வைத்து இருவரும் பிடித்துக்கொண்டிருந்ததில் கால் மரத்துவிட்டது. ஒரு மலாய்ப் பாட்டியம்மா உள்ளே குழந்தை என்று நினைத்து, மூச்சு விடட்டும், போர்வையை விலக்கு என்று மூன்று தரம் சொன்னார். விலக்கிக் காட்டியதும் வேறு இருக்கைக்குப் போய்விட்டார். மஞ்சளுக்கு மாற்றித் தருவீர்களா என்று தவுக்கேயிடம் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் சிரித்தார். "யுவர் பாப்பா வெட்னஸ்டே கம் லா. அலோன். சிட் ஹியர், லுக் அட் யெல்லோ ஒன், ஹாஃப் அவர். சே நத்திங், பை நத்திங், கோ ஹோம்" என்று சொல்லிக்கொண்டே மாற்றிக் கொடுத்தார்.

அத்தை, அப்பாவுக்குத் தெரியும்! மஞ்சள் நன்றாகத் தெரிகிறது என்று அவருக்கே தெரியும். மச்சான் வாங்கித் தந்ததை மாற்ற வாய் வரவில்லை, அவ்வளவுதான். அலுவலகத் தாளும் இன்னும் குறிக்கப்படாமல் அவர் சட்டைப்பையில் மடித்தபடி கிடக்கிறது. இப்போது மஞ்சள் மானிட்டர் கூடத்து அலமாரியில் அம்மாவின் உறைக்குள் உட்கார்ந்திருக்கிறது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான். நாளை யாராவது போட்டுப் பார்த்தால் என் தோலை உரிப்பார்கள், உரிக்கட்டும். நான் செய்தது சரி. நீங்கள் அப்பாவுக்கு அக்கா, உங்கள் சொல்லை அவர் தட்டமாட்டார். 'தம்பி சிலுவைராஜ், மஞ்சளைக் குறி, கண் டாக்டரிடம் போ' என்று நாலு வரி காட்டமாக எழுதுங்கள். மாமாவுக்கும் தனியாக இரண்டு வரி, அது இன்னும் காட்டமாக.

வீட்டில் பெரியவர்களுக்கு என் பணிவான வணக்கம், சின்னவர்களுக்கு முத்தம். மாதா உங்கள் மூட்டுவலியைக் குணமாக்கட்டும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
பிரிஜட்

பி.கு.: அத்தை, எழுதாதீர்கள்! யாருக்கும் ஒரு வரிகூட எழுதாதீர்கள். கூடத்தில் யாரோ எழுந்திருக்கிறார்கள். கதவுக்கு அடியில் மஞ்சள் வெளிச்சம் தெரிகிறது. அப்பாதான். தட்டுகிறார், படிக்கிறார். "ஃப்ராங்க்பர்ட், ஆர்க்கிட், பன்னெண்டு பெட்டி." தப்பு, "பதினெட்டு பெட்டி" என்று தானே திருத்துகிறார். கத்தவில்லை, யாரையும் எழுப்பவில்லை. நான் உங்களிடம் கண்ணைப் பற்றிச் சொன்னது அவருக்குத் தெரியவே வேண்டாம். இதைக் கிழித்துவிடுங்கள். மாமா கோபத்தில் வந்து மானிட்டரைத் திறந்து பார்த்துவிடாமல் இருக்க, ஞாயிறு மன்னிப்பும் கேட்டுவிடுகிறேன். ஆனால் நின்றுகொண்டுதான் கேட்பேன், முழங்கா

கதவைத் தட்டுகிறார். "பிரிஜட், முழிச்சிருக்கியாம்மா? ஒரு பேனா குடு, ஆபீஸ் தாள்ல ஒண்ணு குறிக்கணும்" என்கிறார். வீட்டில் மை இருக்கிற பேனா இது ஒன்றுதா