பாசக்காரக் கரடி

பொறியியல் படிக்கிறவன் கையில் மடிப்பதற்கென்று ஒரு தாளைக் கொடுக்கவே கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். மடித்தவன் நான்தான்.

எழுபதுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோத் தமிழர் எல்லாரும் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் அடங்கி, உட்காரப் போட்ட கதிரையும் மிஞ்சிய காலம். அந்தக் கோடை விடுமுறையில் படம் வரைகிற கொப்பி ஒன்றோடு பஸ் ஏறி வன்கூவர் வரை போய்வந்தேன். தங்குமிடத்துக்கு ஒரே வழி பஸ் நிலையத்து டெலிபோன் புத்தகம். ‘பால’, ‘சிவ’ என்று தொடங்கும் பெயரைத் தேடிப்பிடித்து, "வணக்கம், நான் ரொறன்ரோவில இருந்து வாறன்" என்றால் போதும். அரை மணித்தியாலத்தில் கார் வரும், அடுத்த அரை மணித்தியாலத்தில் சோறு வரும். (இன்றைக்கு யாராவது எனக்கு அப்படி அடித்தால் போனை வைத்துவிடுவேன்.)

வின்னிப்பெக்கில் அப்படி அகப்பட்டவர்தான் ராசம் அன்ரி. மூன்று நாள் வைத்துச் சாப்பாடு போட்டார். ரொறன்ரோவில் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவரின் அக்கா அவர் என்பது எனக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

சங்கம் முதன்முதலாக ஒரு ஆண்டு மலர் போட இருந்தது. அதற்கு நான்தான் ஆசிரியராக வேண்டும் என்று எனக்கு வெறி. கீழே ‘ஆசிரியர்’ என்று போட்டுக் கையெழுத்துக்கூடப் பழகிவிட்டேன். தீபாவளி ஒன்றுகூடலில்தான் ஆளைத் தெரிவுசெய்வார்கள். அங்கே என் திறமையைக் காட்ட, பயணப் படங்களை ஒரு சின்னப் புத்தகமாக்கிக் கொண்டுபோக முடிவெடுத்தேன். இடப்பக்கம் படம், எதிரே அதைப் பற்றி நாலு வரி.

ஸ்டென்சிலின் இடது பாதியில் படத்தையும் வலது பாதியில் அதற்குரிய வரிகளையும் கீறினேன். சைக்ளோஸ்டைல் மெஷினில் தாளின் இரண்டு பக்கமும் அடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். இனி நடுவில் மடித்து ஸ்டேப்லர் அடிக்க வேண்டியதுதான்.

பருப்புக் கிண்டிக்கொண்டிருந்த அறைத் தோழன் சிவா எட்டிப் பார்த்தான்.

"டேய், முதல் ஒண்டை மடிச்சுப் பாரன்."

"மச்சான், நான் பாலம் கட்டப் படிக்கிறன். எனக்குத் தாள் மடிக்கச் சொல்லித் தாறியோ?"

"அதுதான் பயமாக் கிடக்கு. நீ கட்டுற பாலத்தில நான் ஏறமாட்டன்."

ஐம்பது பிரதியையும் மடித்து, அடித்து, பெட்டிக்குள் அடுக்கினேன். ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாதா?

அடுக்கிய தாள்களை மடித்தால் நடுத்தாள் மட்டும்தான் முழுசாக விரியும். மற்றப் படமெல்லாம் பக்கத்துத் தாளின் வரிகளுக்கு எதிரே போய் உட்கார்ந்துவிடும். பள்ளிக் கொப்பியை ஒருமுறை பிரித்துப் பார்த்த குழந்தைக்குக்கூட இது தெரியும். நான் பல்கலைக்கழகத்தில் அல்லவா படித்தேன்!

தீபாவளிக்குத் தம்பியிடம் வந்திருந்த ராசம் அன்ரிக்கு முதல் பிரதியை வாசலிலேயே கொடுத்தேன். "உங்கடை படமும் இருக்கு, அன்ரி."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் படத்துக்கு எதிரே இருந்ததை நாலு பேருக்குக் கேட்கட்டும் என்று உரத்து வாசித்தார்.

"மலையடிவாரத்தில் கண்டது. சாப்பாட்டு வாசனை பட்டால் பின்னாலேயே வரும். கிட்ட வந்தால் ஓடாதீர்கள், அசையாமல் நில்லுங்கள்."

மண்டபமே அசையாமல் நின்றது.

"ஏன் தம்பி," என்றார் அன்ரி, "அந்த மூண்டு நாளும் நீர் கதிரையை விட்டு அசையாமல் இருந்தது இதுக்குத்தானோ?"

"அன்ரி, அது கரடிக்கு எழுதினது..."

(உலகத்தில் இதைவிட மோசமான விளக்கம் இருக்க முடியாது.)

அதற்குள் பெட்டியில் இருந்த பிரதிகளெல்லாம் கைமாறி, தலைவர் கரடிப் படத்தைக் கண்டுபிடித்துவிட்டார். எதிரே என் அழகான கையெழுத்து: ‘பாசத்தின் மறுபெயர். போதும் போதும் என்றாலும் கேட்காமல் இன்னும் இரண்டு அகப்பை புட்டுப் போடுவார்.’

"உந்தக் கரடி எந்த ஊர், தம்பி?" என்று பின்னால் ஒருவர் கேட்டார். "நானும் ஒருக்காப் போகவேணும்."

ஓடி ஓடிப் பிரதிகளைப் பறிக்கப் பார்த்தேன். ஒருவரும் தரவில்லை. பொங்கல் வரைக்கும் சிரிக்க அதில் விஷயம் இருந்தது. நடுப்பக்கம் மட்டும் சரியாக வந்திருந்தது. அதில் இருந்தது காற்றுப் போன பஸ் டயர்.

கடைசியாக, தலைமயிர் காற்றில் பறக்க நானே என்னை வரைந்த படம். அதன் எதிரே வந்திருந்தவை, சமவெளியில் பார்த்த பெரிய தானியக் களஞ்சியத்துக்கு எழுதிய வரிகள்: ‘தூரத்தில் பார்த்தால் பிரமாண்டம். கிட்டப் போய்த் தட்டிப் பார்த்தேன். உள்ளே காலி.’

சிவா எழுந்து நின்றான். "இது மட்டும் சரியாத்தானே கிடக்கு?"

அன்றே மலராசிரியரைத் தெரிவுசெய்தார்கள். சிவாவை. முன்மொழிந்தவர், அதற்குள் அவனிடம் முழுக் கதையையும் கேட்டுவிட்ட ராசம் அன்ரி. காரணமும் சொன்னார்: "மடிச்சுப் பார் எண்டு சொன்ன பிள்ளை."

நான் பிறகு பாலங்கள் கட்டினேன். எல்லாம் நிற்கின்றன. ஆனாலும் ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் எங்கள் வீட்டில் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு பெரிசாக ஏதாவது விளக்கத் தொடங்கினால், மகள் வந்து என் தலையில் மெல்ல இரண்டு தட்டுத் தட்டுவாள்.

"என்னவாம்?" என்பாள் குசினியில் சமைத்துக்கொண்டிருக்கும் மனைவி.

"இன்னும் காலிதான், அம்மா."