பூதத்தான் மணிக்கட்டும் பன்னு மிஷினும்

இனிமேல் என் கை மாவைத் தொடாது என்று பூதத்தான் சபதம் எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. எடுத்த இடம் தாராவியில் அவன் குடியிருந்த சால் என்கிற வரிசை வீடுகளுக்குப் பொதுவான தண்ணிக்குழாயடி. சாட்சிக்கு இருந்தது ரெண்டு வாளி, ஒரு பூனை. பெண்டாட்டி இல்லை. பெண்டாட்டி பக்கத்தில் இருக்கும்போது யாராவது சபதம் எடுப்பானா?

ஆள் பேருக்கேற்ற உருவம். தோள் ரெண்டும் லாரி மட்கார்டு மாதிரி இருக்கும். மில்லில் ரெண்டாவது ஷிப்ட். வேலை முடிந்து வந்து, சோறு தின்று, தலையைச் சாய்க்க நடுச்சாமம் ஆகிவிடும். கண் சொக்கினதும் சொக்காததுமாக, விடியற்காலம் நாலு மணிக்குத் தலைமாட்டில் ஒரு குரல் வரும்.

"அத்தான், மாவு காத்துக்கிட்டு இருக்கு."

குரலுக்கு உடையவள் செண்பகவல்லி. அவன் பெண்டாட்டி. வீட்டுக்குப் பின்னால் உடைந்த செங்கல்லையும் களிமண்ணையும் வைத்துத் தானே ஒரு அடுப்பு கட்டி, பன்னு சுட்டு விற்கிறவள். ஆரம்பத்தில் இருபது பன்னு. இப்போது ஆண்டாப் ஹில் வரைக்கும் உள்ள டீக்கடையெல்லாம் அவள் பன்னுதான். முந்நூறுக்குக் குறையாது. சுடுகிறது அவள். பிசைகிறது யார்? மூன்று வருசத்துக்கு முன்னால் ஒருநாள், "உங்க கை பட்டா பன்னு பஞ்சு மாதிரி வருது அத்தான்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்கு மூன்று வருசமாகப் பிசைந்துகொண்டிருக்கிறான்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பான். ஆனால் மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் ஓட்டல் வைத்திருக்கிற மகாதேவன், வருகிற திங்கட்கிழமையிலிருந்து தனக்கு மட்டும் முந்நூறு பன்னு வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். முடியாது என்றால் காட்கோபர் பேக்கரிக்காரனுக்குப் போய்விடும். செண்பகவல்லி யோசிக்கவே இல்லை. சரி என்று சொல்லிவிட்டாள்.

"ஏட்டி, ரெட்டை மடங்கு மாவு. யாரு பிசையப்போறா?"

"நீங்க இருக்கையில எனக்கு என்ன கவலை?"

"மிஷின் வாங்கிருவோம்ட்டி."

"மிஷினுக்கு உங்க கை வருமா அத்தான்?"

மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் கையைப் புகழ்ந்தாள். கை இருந்தால்தானே புகழுவாய் என்று நினைத்துக்கொண்டுதான் குழாயடிக்குப் போய்ச் சபதம் எடுத்தான்.

அன்றைக்கே திட்டமும் தயாராகிவிட்டது. வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தான்.

"வாளி தூக்கையில மணிக்கட்டு பிசகிட்டுட்டி. எலும்பு வைத்தியர் பூலோகத்துக்கிட்ட காட்டினேன். கட்டுப் போடணுமாம். ரெண்டு முட்டையும் ஒரு பிடி உளுந்தும் கொண்டாரச் சொன்னாரு."

முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துத் துணியில் தடவிக் கட்டுவதுதான் நம்ம ஊர்க்காரர்களுக்குக் கட்டு. டாக்டர் போடுகிற கட்டையெல்லாம் யாரும் மதிக்கிறதில்லை. பன்னு மேலே தடவ வைத்திருந்த முட்டையில் ரெண்டை எடுத்துக் கொடுத்தாள் செண்பகவல்லி. அவன் நேரே முக்கில் இருந்த இரானி டீக்கடைக்குப் போனான். முட்டை ரெண்டும் ஆம்லெட் ஆனது. உளுந்தைப் புறாவுக்கு வீசினான். பழைய வேட்டியைக் கிழித்து, மஞ்சளைத் தடவி, தானே ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு வந்து படுத்துவிட்டான்.

அடுத்த நாலு நாளும் சொர்க்கம். விடியற்காலம் பின்கட்டில் மாவைத் தொட்டியில் அடிக்கிற சத்தம் தொப்புத் தொப்பென்று கேட்கும். ஒருத்தியாகப் பிசைகிறாளே என்று மனசு உறுத்தத்தான் செய்தது. உறுத்தலோடேயே தூங்கினான். மில்லுக்குப் போகிற வழியில் கட்டை அவிழ்த்துப் பைக்குள் வைத்துக்கொள்வான். திரும்பும்போது சால் வாசலில் நின்று கட்டிக்கொள்வான். புதன்கிழமை மட்டும் அவனுடைய பேண்டைக் காணவில்லை.

"இஸ்திரிக்குப் போயிருக்கு" என்றாள்.

"என்னைக்கும் இல்லாத இஸ்திரி?"

"கை முடியாத மனுசன். உடுப்பாவது நல்லா இருக்க வேண்டாமா?"

பாவம், நம்ம மேலே எவ்வளவு பிரியம் என்று கண் கலங்கி, அன்றைக்கு லுங்கியோடு மில்லுக்குப் போனான்.

வெள்ளிக்கிழமை சாப்பாடு போடும்போது அவளே பேச்சை எடுத்தாள். "உங்க கை இப்படி ஆயிட்டுதே. திங்கட்கிழமை பன்னு குடுக்கணும். ஒரு மிஷின் பாத்துருவோம் அத்தான்."

பூதத்தானுக்குச் சோறு இனித்தது. "நான் அன்னைக்கே சொன்னேன். நீதான் கேக்கல. ஞாயித்துக்கிழமை வா. மிஷின் எடுக்கிறது ஆம்பளைங்க காரியம். நீ வாயைத் திறக்கக்கூடாது."

"நான் எதுக்குத் திறக்கேன்?"

முகம்மது ஹனீப் பாய்க்குத் தாராவியில் பெரிய குடோன். மூடின ஓட்டல், உடைத்த கப்பல், காலி பண்ணின பங்களா, எங்கே இரும்பு கிடந்தாலும் அது கடைசியில் அங்கேதான் வந்து சேரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் புருசன் கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தான். பெண்டாட்டி ஈரத்துணி போட்டு மூடின அலுமினியச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

"அதுல என்னட்டி?"

"பிசைய மாவு."

"மிஷின் கடைக்கு எவளாவது மாவைத் தூக்கிட்டு வருவாளா? மானம் போவுது."

"சேலை எடுக்கப் போனா மேல வச்சுப் பாக்கமாட்டமா?"

ஹனீப் பாய் வாசலிலேயே நின்று வரவேற்றார். "வாங்க அண்ணாச்சி, வாங்க மதினி. மூணு அயிட்டம் இருக்கு. இது கப்பல் கிச்சன்ல நின்னது. ஐந்நூறு பேருக்கு ரொட்டி பிசைஞ்ச மிஷின்."

ஆளுயரம் நின்றது அது. கீழே கோயில் அண்டா மாதிரி ஒரு குண்டா. மேலேயிருந்து யானைத் தந்தம் மாதிரி வளைந்த ஒரு கொக்கி. பூதத்தான் விரல் முட்டியால் மூன்று இடத்தில் தட்டிப் பார்த்தான். காதை வைத்துக் கேட்டான்.

"இதுதான் மிஷின்! எடையைப் பாருட்டி. எடைதான் மிஷினுக்கு அழகு." சொல்லிக்கொண்டே ரெண்டு கையாலும் அடியைப் பிடித்து ஒரு பக்கம் அரை அடி தூக்கிக் காட்டினான்.

"கை வலிக்கப்போவுது அத்தான்."

டமாரென்று கீழே விட்டுவிட்டு, "ஆ!" என்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். ரெண்டாவது "ஆ" கொஞ்சம் பெரிதாகவே போட்டான்.

செண்பகவல்லி மாவைக் குண்டாவுக்குள் போட்டாள். பாய் சுவிட்சைத் தட்டினார். குடோன் அதிர்ந்தது, ஓடு அதிர்ந்தது. கொக்கி சுற்றோ சுற்றென்று சுற்றியது. மாவு குண்டாவின் அடியில் ஒட்டிக்கொண்டு நிம்மதியாகப் படுத்திருந்தது. கொக்கிக்கு எட்டவில்லை.

"கொக்கிக்கு எட்ட ஒரு மூட்டை மாவு போடணும் மதினி" என்றார் பாய்.

"பெரிசா யோசிக்கணும்ட்டி! ஒரு மூட்டை போட்டாப் போச்சு" என்றான் பூதத்தான்.

"போடலாம். நம்ம வாசல்ல இது நுழைஞ்ச பிறகு நாம எங்க இருக்க?"

அவன் அசரவில்லை. அடுத்ததைக் காட்டச் சொன்னான். அது சின்னது, வெள்ளை வெளேரென்று மேஜை மேலே உட்கார்ந்திருந்தது. தாதர் பக்கம் ஒரு பார்சிக்கார அம்மா வீட்டில் கேக்குக்கு வைத்திருந்ததாம். பூதத்தானுக்கு அதைப் பார்த்ததும் அது ஓட ஓடத் தான் பாயில் புரண்டு படுக்கிற காட்சி கண்ணில் தெரிந்தது.

"இதுதான். இதைவிட வேற வேண்டாம். கட்டுங்க பாய்."

"மாவைப் போட்டுப் பாக்காம எப்படி?" என்றாள் அவள்.

போட்டுப் பார்த்தார்கள். முதல் நிமிசம் நன்றாகத்தான் சுற்றியது. ரெண்டாவது நிமிசம் மாவு கொக்கியைப் பிடித்துக்கொண்டு மரம் ஏறுகிறவன் மாதிரி மேலே ஏறியது. மூன்றாவது நிமிசம் மோட்டார் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. கருகின வாடை வந்தது. பாய் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார்.

"புது எடம், மாவு கூச்சப்படுது. வீட்டுல நல்லா ஓடும்" என்றான் பூதத்தான்.

"ஓடட்டும். நம்ம சாலுக்குக் கரண்ட் எத்தனை மணிக்கு வருது?"

"சாயந்தரம் ஆறு மணிக்கு."

"எப்போ போவுது?"

"பதினோரு மணிக்கு. அதுக்கு என்ன? லைன்காரன்கிட்ட நான் பேசியாச்சு. தீவாளிக்குள்ள முழுநேரமும் கரண்ட் வந்துரும்."

"மகாதேவன் அண்ணனுக்கு நாளைக்குப் பன்னு வேணும் அத்தான்."

பூதத்தான் மோட்டாரை உற்றுப் பார்த்தான். பாய் மெல்லப் போய் மூலையில் கிடந்த சாக்கை இழுத்தார். உள்ளே ஒரு தகர உருளை. உருளைக்குள் வளைந்த இரும்புக் கை ஒன்று. வெளியே ஒரு சக்கரம், அதிலிருந்து ஒரு சைக்கிள் செயின், செயினுக்கு ரெண்டு பெடல், பெடலுக்கு மேலே ஒரு சீட்டு.

"பழைய பேக்கரிச் சரக்கு, மதினி. கையால சுத்துறதா இருந்தது. நீங்க சொன்ன மாதிரி மிதிக்கிறதா மாத்தியாச்சு. ரெண்டு பேரு பாரம் போட்டாலும் தாங்கும்."

செண்பகவல்லி மீதி மாவைப் போட்டாள். பாய் ஏறி உட்கார்ந்து மிதித்தார். இரும்புக் கை மாவைத் தூக்கிப் போட்டது, மடித்தது, அழுத்தியது. கால் மணி நேரத்தில் எடுத்து விரலால் இழுத்துப் பார்த்தாள். மாவு கிழியாமல் கண்ணாடி மாதிரி விரிந்தது.

"இது போதும் அத்தான்."

"இதுவா?" பூதத்தானுக்குக் குரல் ஏறியது. "ஏட்டி, எனக்குக் கை முடியல. அதனாலதான மிஷினே பாக்க வந்தோம்?"

"கைக்குத்தான கட்டு? காலுக்கு என்ன?"

பூதத்தான் தன் காலைப் பார்த்தான். நல்ல கால். ஒரு குறையும் சொல்ல முடியாத கால். கடைசி முயற்சியாகச் சீட்டைக் காட்டினான். "உசரத்தைப் பாரு. என் ஒடம்புக்கு இது எப்படிச் சேரும்?"

"ஏறி உக்காந்து பாருங்க அண்ணாச்சி" என்றார் ஹனீப் பாய். "ஒரு இம்மி பிசகாது. மதினி புதன்கிழமையே உங்க பேண்டைக் கொண்டாந்து கால் அளவு குடுத்துட்டாங்க."

திங்கட்கிழமை மாட்டுங்காவுக்கு முந்நூறு பன்னும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மகாதேவன் ஒன்றைப் பிய்த்துப் பார்த்துவிட்டுத் தினமும் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். பூதத்தான் மூன்று நாள் மிதித்தான். தாராவியிலிருந்து கிளம்பியிருந்தால் இந்நேரம் பூனா போய்ச் சேர்ந்திருப்பான்.

அதற்காக விட்டுவிடுகிறவனா? மூளை அவனுக்கு எப்போதும் வேலை செய்யும். புதன்கிழமை மத்தியானம் கை நன்றாகக் குணமாகிவிட்டது. கூடவே முழங்கால் பிசகிவிட்டது. மறுபடி ரெண்டு முட்டை, ஒரு பிடி உளுந்து. மறுபடி வைத்தியர் பூலோகம் போட்ட கட்டு. மறுநாள் விடியற்காலம் நாலு மணிக்கு, குரல் வரும் முன்னாலேயே எழுந்து, நொண்டிக்கொண்டே பின்கட்டுக்குப் போய் நின்றான்.

"கால் போச்சுட்டி. இனி மிதிக்க முடியாது."

செண்பகவல்லி அரிக்கேன் விளக்கைத் தாழப் பிடித்துக் கட்டை முகர்ந்தாள். அப்புறம் நிமிர்ந்து அவன் முகத்தருகே ஒருதரம் முகர்ந்தாள்.

"வைத்தியர் போட்ட கட்டுல முட்டை வாசமே இல்ல அத்தான். உங்க வாயிலதான் நேத்து ராத்திரியே அடிச்சுது. போன வாரம் செவ்வாக்கிழமையும் இப்படித்தான்."

பூதத்தான் வாயை மூடிக்கொண்டான்.

"பரவாயில்ல. கால் முடியலேன்னா நீங்க மிதிக்க வேண்டாம்" என்றாள் அவள். "கைதான் குணமாயிட்டுல்லா? பழைய தொட்டியைக் கழுவி வச்சிருக்கேன்."

பூதத்தான் தொட்டியைப் பார்த்தான். அதில் அறுநூறு பன்னுக்கு மாவு கொட்டி வைத்திருந்தது. மெல்லக் குனிந்து முழங்கால் கட்டை அவிழ்த்து மடித்து வைத்தான். மிஷினில் ஏறி உட்கார்ந்தான்.

சீட்டு அளவு கச்சிதமாகத்தான் இருந்தது.